கிடாக்கொம்பு சைக்கிளுக்கு ஒரு இன்ஜின்

வண்டியை மாத்திக் கட்டித் தாங்கன்டு ஒருத்தர் பட்டறை வாசல்ல வந்து நின்னா, வண்டியைப் பாக்காதீங்கப்பா. முதல்ல ஆளு எப்படி நடந்து வாராருன்டு பாருங்க. எந்தக் கால்ல பாரம் போடுறாரு, எந்தக் கையால தூக்குறாரு, குனிஞ்சா மூச்சு வாங்குதா, இதையெல்லாம் பாத்துட்டு அப்பறமா ஸ்பேனரை எடுங்க. வண்டியில என்ன செய்யலாம்ங்கிறது அரை நாள்ல தெரிஞ்சிரும். ஆளுக்கு என்ன வேணும்ங்கிறது அம்புட்டு லேசுல தெரியாது.

இதை எனக்கு யாரும் சொல்லித் தரல. நானாக் கத்துக்கிட்டேன், அதனால தைரியமாச் சொல்றேன். வில்லாபுரத்துல ஒரு பட்டறையில வேலை பழகி, உசிலம்பட்டி சந்தைக்குப் போற ரோட்டுல சொந்தமா ஒண்ணு போட்டு, ரெண்டு சக்கரத்துல ஓடுற எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்தவன் நான். பெருமைக்குச் சொல்லல. சரி, பெருமைக்கும்தான் சொல்றேன், அதுல என்ன தப்பு? நீங்க இப்ப கம்ப்யூட்டரைச் சொருகி வண்டிக்கு என்ன சீக்குன்டு பாக்குறீக. பாருங்க, வேணாங்கல. ஆனா அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியாத ஒரு சீக்கை நான் பாத்த கதையைச் சொல்றேன்.

எழுபது முடிஞ்சு எண்பது பொறந்த சமயம். தங்கராசுன்டு ஒருத்தரு, பக்கத்துக் கிராமத்துப் பால் சங்கத்துல வேலை. மாட்டுக்குச் சினை ஊசி போடுறவரு. உங்கள்ல பாதிப் பேருக்கு அது என்னன்டே தெரியாது. பசு பருவத்துக்கு வந்து கத்துச்சுன்டா முன்னாடியெல்லாம் காளைகிட்ட ஓட்டிக்கிட்டுப் போவாக. அப்பறம் நல்ல சாதிக் காளையோட விந்தைக் குப்பியில அடைச்சு, ஐஸ் போட்ட பிளாஸ்க்ல வச்சு, வீடு தேடி வந்து பசுவுக்குள்ள செலுத்த ஆரம்பிச்சாக. அந்த பிளாஸ்கைத் தோள்ல மாட்டிக்கிட்டு சைக்கிள்ல ஊர் ஊராப் போறவருதான் தங்கராசு. ஜனங்க அவரை 'ஊசி சாரு'ம்பாக. சொந்தக்காரப் பயலுக, 'என்ன மாப்ள, காளைக்குப் பதிலா நீ போறியாமுல்ல'ன்டு கேலி பண்ணுவாங்ஞ. அதையெல்லாம் தாங்கிக்கிட்டு அந்த வேலையை அவரு அம்புட்டு ஆசையாப் பாத்தாரு. மேற்கே எந்த வீட்டுல எந்தப் பசு, அது எத்தனாவது ஈத்து, எல்லாம் மனப்பாடம்.

அந்த மனுசனை ஒரு பசு உதைச்சிருச்சு. கட்டுத்தறியில வச்சு விட்ட உதையில வலது முழங்கால் போச்சு. எலும்பு கூடிருச்சு, ஆனா கால் மடங்கல. நேரா நீட்டுனது நீட்டுனபடி. அப்பறம் சைக்கிள் எங்குட்டு மிதிக்கிறது?

ஒரு நாள் அந்தக் காலோட சைக்கிளை உருட்டிக்கிட்டு என் பட்டறைக்கு வந்தாரு. வேர்த்து ஊத்துது.

"அண்ணே, இதுல ஒரு இன்ஜின் வச்சுத் தரணும்."

"மொபெட்டு ஒண்ணு வாங்கிக்கங்களேன் தம்பி."

"அதுக்கு எனக்கு வசதி இல்லண்ணே. வசதி இருந்தாலும் அதையும் பெடலை மிதிச்சுத்தானே ஸ்டார்ட் பண்ணணும். என் காலு மடங்காதே." சைக்கிள் சீட்டுல கையை ஊனிக்கிட்டாரு. "சங்கத் தலைவரு சொல்லிட்டாருண்ணே. ஊரு சுத்த முடியாதவனுக்கு இந்த வேலை எதுக்கு, வேற ஆளைப் போட்டுக்கிறேங்கிறாரு. வீட்டுல உக்காந்து சாப்புடுற வயசாண்ணே எனக்கு? நொண்டிப் பயன்டு ஒரு மூலையில உக்காரச் சொல்றாக. என்னால முடியாது."

அவரு சைக்கிளைப் பாத்தேன். நல்ல சைக்கிள்தான். ஆனா சீட்டு உசரம். வலது பக்கம் சாஞ்சா, மடங்காத காலை எப்படி ஊனுவாரு? விழுந்தா அப்படியே மரம் சாஞ்ச மாதிரி விழ வேண்டியதுதான். நான் நிமிந்து பட்டறை உத்தரத்தைப் பாத்தேன். அங்க ஒண்ணு தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

அது ஒரு தனிக் கூத்து. மண்டிக்காரர் மகன் ஒருத்தன், வெளிநாட்டுக் காலண்டர்ல ஒரு மோட்டார் சைக்கிள் படத்தைப் பாத்துட்டு, எனக்கும் இதே மாதிரி சாப்பர் சைக்கிள் வேணும்ன்டு நின்னான். முன் சக்கரத்தை எட்டத் தள்ளி, அதைப் பிடிச்சிருக்கிற ஃபோர்க்கை நீட்டி வெல்டு வச்சு, ஹேண்டில் பாரை நெஞ்சு உசரத்துக்குத் தூக்கி, சீட்டை நீளமா வாழைப்பழம் கணக்கா இறக்கிப் போட்டுக் குடுத்தேன். ஊரே பாத்துச்சு. ஹேண்டில் ரெண்டும் வளைஞ்சு நிக்கிறதைப் பாத்துட்டு கிடாக்கொம்பு சைக்கிள்ன்டு பேரு வச்சுட்டாங்ஞ. அந்தப் பயலுக்கு ரெண்டு மாசத்துல சலிச்சுப் போச்சு, எங்கிட்டயே போட்டுட்டுப் போயிட்டான். சந்தைக்கு வாரவுக வேடிக்கை பாக்கட்டும்ன்டு உத்தரத்துல தொங்க விட்டுட்டேன்.

"தம்பி, இதுல உக்காந்து பாருங்க"ன்டு அதை இறக்கினேன்.

தங்கராசு மூஞ்சி சுண்டிப் போச்சு. "கேலி பண்றீகளாண்ணே? இதுல நான் போனா மாடு மிரளும், ஆளு சிரிக்கும்."

"சிரிக்கிறவன் சிரிச்சிட்டுப் போறான். நீங்க உக்காருங்க."

உக்காந்தாரு. சீட்டு தாழ இருக்கிறதால ரெண்டு பாதமும் தரையில பட்டுச்சு. வலது கால் தானா முன்னாடி நீண்டுச்சு, மடக்கத் தேவையே இல்ல. மண்டிக்காரர் மகன் சோக்குக்குக் கேட்ட உருவம், இந்த மனுசனுக்குன்டே அளவெடுத்த மாதிரி பொருந்திருச்சு. அவரு ஹேண்டிலை ரெண்டு கையிலயும் பிடிச்சு இங்குட்டும் அங்குட்டும் திருப்பிப் பாத்தாரு. நான் வேலையை ஆரம்பிச்சேன்.

இன்ஜினுக்கு எங்க போனேன்டு கேக்குறீகளா? பருத்திக்கு மருந்து அடிக்க முதுகுல மாட்டுவாகல்ல, அந்த மெஷின்ல ஒரு சின்னப் பெட்ரோல் இன்ஜின் இருக்கும். டப்பா ஓட்டையாகி ஒரு மெஷின் பழைய இரும்புக் கடைக்கு வந்து கிடந்துச்சு. இன்ஜின் ஜம்முன்டு இருந்துச்சு. கையால கயிறு சுத்தி இழுத்தாப் போதும், ஸ்டார்ட் ஆயிரும். கால் தேவையில்ல. அதை சீட்டுக்குப் பின்னாடி உக்கார வச்சு, இன்ஜின்ல ஒரு இரும்பு உருளையை மாட்டி, அந்த உருளை பின் டயர் மேல அழுந்திச் சுத்துற மாதிரி பண்ணுனேன். கைக்கு எட்டுற இடத்துல ஒரு லீவர். தூக்குனா உருளை டயரை விட்டு விலகும், இறக்குனா வண்டி நகரும். பெடல் ரெண்டையும் கழட்டிட்டு, வலது காலை நீட்டி வச்சுக்கிற மாதிரி ஒரு கம்பி. அம்புட்டுத்தான். இதையெல்லாம் விளக்கிக்கிட்டிருந்தா பொழுது போயிரும். ஒண்ணு மட்டும் சொல்றேன். இன்ஜினை மாட்டுறதுக்கு முன்னாடியே பிரேக் ரெண்டையும் புதுசாப் போட்டு, தரையில காலை ஊனாம ஒத்தைக் கையால நிறுத்துங்கன்டு அவரைச் சரிவுல உருட்டி விட்டு, பயம் தெளியிற வரைக்கும் பாத்தேன். அப்பறம்தான் இன்ஜின். இதுல மட்டும் யாரு அவசரப்படுத்துனாலும் கேக்காதீங்க. அந்தக் காலத்துல ஆர்.சி. புக்கு எங்கன்டு நம்மளக் கேக்க ஆள் இல்ல. இப்ப இந்த மாதிரி ஒண்ணைக் கட்டி ரோட்டுல விட்டீகன்டா உங்களையும் வண்டியையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிருவாக, அது வேற விசயம்.

வண்டி போச்சுப்பா. டர்ருன்டு கொம்பைத் தூக்கிக்கிட்டு மேற்கே போச்சு. முதல் வாரம் ஊரு சிரிச்சுச்சு. ரெண்டாவது வாரம், சத்தம் கேட்டா ஊசி சாரு வாராருன்டு ரோட்டுக்கு வந்து நிக்க ஆரம்பிச்சாக. முன்னாடி காலையில ஆள் சொல்லி விட்டா பொழுதடையத்தான் வருவாரு. இப்ப சொல்லி விட்டவன் வீடு திரும்புறதுக்குள்ள இவரு அங்க நிப்பாரு. தலைவரே என்னைச் சந்தையில பாத்து, "பரவாயில்லையே, நல்லாக் கட்டியிருக்கயே"ன்டாரு. எனக்குத் தலைகால் புரியல.

அந்தக் கோடை முடியுறப்பத்தான் வில்லங்கம் ஆரம்பிச்சுச்சு. ஊசி போட்ட பசு முக்காவாசி சினை பிடிக்கல. மூணு வாரம் கழிச்சுத் திரும்பக் கத்துது. மறுபடி போடுறாரு, மறுபடி கத்துது. சினை பிடிக்கலைன்டா கன்னு இல்ல, கன்னு இல்லைன்டா பால் இல்ல. ஒரு பசுவை நம்பி அடுப்பெரியிற வீடுக அது. சும்மா இருப்பாகளா? கொம்பு வண்டி வந்த நேரம் சரியில்லன்டு ஒரு பேச்சு. பெட்ரோல் புகை பட்டா கர்ப்பம் தங்காதுன்டு ஒரு பேச்சு. இன்ஜின் சூட்டுல விந்து வெந்து போச்சுன்டு தலைவரே சொன்னாரு. இது ஒண்ணுதான் கொஞ்சம் அறிவோட சொன்ன பேச்சு.

தங்கராசு பட்டறைக்கு வந்தாரு. அன்னிக்கு நான் பாத்தது வேற ஆளு. கன்னம் ஒட்டிப் போயி, சவரம் பண்ணாம.

"அண்ணே, இன்ஜினைக் கழட்டிருங்க."

"கழட்டிட்டு?"

"தலைவரு வேற ஆளைக் கூட்டியாந்துட்டாரு. ஆபீஸ்ல உக்கார வச்சிருக்காரு. இந்த மாசம் பாப்பேன், அப்பறம் அவன்தான் ரவுண்டு போவாங்கிறாரு. வண்டியைக் கழட்டிட்டேன்டு சொன்னாலாச்சும் மனசு இறங்குவாரா பாக்குறேன்."

எனக்குச் சுர்ருன்டு வந்துச்சு. "என் இன்ஜின் மேல தப்பு இருந்தா நானே கழட்டுறேன். இல்லாத தப்புக்குக் கழட்ட மாட்டேன். ஒரு நாள் பொறுங்க."

இங்கதான் நல்லாக் கேளுங்க. ஒரு வண்டி மேல பழி வந்தா ரெண்டு வகை மெக்கானிக் இருக்கான். ஒருத்தன் சண்டைக்குப் போவான், ஒருத்தன் பயந்து எல்லாத்தையும் கழட்டுவான். ரெண்டு பேருக்கும் சீக்கு தெரியாது. நான் ஐஸ் கம்பெனிக்குப் போயி அதே பிளாஸ்க்ல ஐஸை நிரப்புனேன். ஒரு துணிப்பைக்குள்ள வைக்கோலைச் சுத்தி நாலஞ்சு கோழி முட்டை வச்சேன். ரெண்டையும் தோள்ல மாட்டிக்கிட்டு அந்த வண்டியில, உச்சி வெயில்ல, அவரு போற பாதை அம்புட்டும் போயிட்டு வந்தேன். திறந்து பாத்தா ஐஸ் கட்டி கட்டியாத்தான் இருக்கு. முட்டையில ஒரு கீறல் இல்ல. சூடும் இல்ல, குலுக்கலும் இல்ல. அந்த முட்டையைப் பொரிச்சுச் சாப்பிட்டுட்டு தங்கராசைக் கூப்பிட்டேன்.

"தம்பி, சினை பிடிக்காத வீட்டைப் பத்தித்தானே எல்லாரும் பேசிக்கிட்டு இருக்கீக. பிடிச்ச வீடு ஒண்ணாச்சும் இருக்கா?"

யோசிச்சாரு. "ஒச்சம்மா வீட்டுல பிடிச்சிருக்கு. இன்னும் ரெண்டு மூணு வீட்டுல."

"கிளம்புங்க."

ஓடாத வண்டியையே முறைச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா ஒண்ணும் விளங்காது. பக்கத்துல ஓடுற வண்டி ஒண்ணை வச்சு ரெண்டையும் பாக்கணும். எது வித்தியாசமோ அதுதான் சீக்கு. இதைப் பட்டறையில தினம் பண்றோம். பட்டறைக்கு வெளிய வந்ததும் மறந்துர்றோம்.

ஒச்சம்மா, தனியா நின்னு ரெண்டு பசுவை வச்சுப் பிழைக்கிற பொம்பளை. வாய் கொஞ்சம் நீளம். எங்களைப் பாத்ததும், "வாங்க ஊசி சாரு. இன்னிக்கி வண்டி நல்லா ஓடுதா, இல்ல அன்னிக்கி மாதிரி வண்டி மேல வண்டி ஏறி வந்தீகளா?"ன்டுச்சு.

"அது என்ன கதை?"ன்டேன்.

"கேளுங்கண்ணே. கருக்கல்ல பசு கத்துது, சாருக்கு ஆள் சொல்லி விட்டேன். ஆளைக் காணோம். உச்சிப்பொழுது ஆச்சு, காணோம். நான் வைஞ்சுக்கிட்டே இருக்கேன். பொழுது சாயப் போகையில மாட்டு வண்டி ஒண்ணு வருது. பாத்தா மேல கிடாக்கொம்பு, பக்கத்துல சாரு. இன்ஜின் கயிறு அந்து போச்சாம். வந்து ஊசியைப் போட்டாரு, அதோட பசு கத்தவே இல்ல."

அடுத்த வீட்டுக்குப் போனோம். அங்க அன்னிக்கு டயர் பஞ்சர், ஒட்டிக்கிட்டு வாரதுக்குள்ள சாயங்காலம் ஆயிப் போச்சாம். அதுக்கு அடுத்த வீட்டுல அன்னிக்கு மழை, நனைஞ்ச டயர்ல உருளை வழுக்கி வண்டி நகரல, மழை விட்டு டயர் காஞ்சப்பறம் வந்தாராம். எனக்குச் சிரிப்பா வந்துச்சு. என் வண்டி எங்கெல்லாம் மக்கர் பண்ணுச்சோ அங்கெல்லாம் பசு சினையா இருக்கு. திரும்பி தங்கராசைப் பாத்தேன். அவரு சிரிக்கல. ரோட்டோரம் மைல் கல்லுல உக்காந்துட்டாரு.

"அண்ணே, நான் ஒரு மடையன்ண்ணே."

"என்ன ஆச்சு?"

"பசு கத்த ஆரம்பிச்ச உடனே போடக்கூடாது. ஒரு பொழுது விடணும். காலையில கத்துனா சாயங்காலம். சாயங்காலம் கத்துனா மறுநாள் காலையில. அப்பத்தான் உள்ள கருமுட்டை தயாரா இருக்கும். டிரெயினிங்ல சொல்லிக் குடுத்த முதல் பாடமே அதுதான்." தலையில கையை வச்சுக்கிட்டாரு. "சைக்கிள்ல போனப்ப நான் போய்ச் சேரவே ஒரு பொழுது ஆயிரும். பாடத்தை நான் நினைக்க வேண்டியதே இல்ல, அதுவா நடந்துக்கிட்டு இருந்துச்சு. இந்த வண்டி வந்ததும் அரை மணியில போயி நிக்கிறேன். வந்ததும் வந்தீக, போட்டுட்டுப் போங்க சாருங்கிறாக. நானும் வேகமா வந்த ஜோர்ல போட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிர்றேன்."

இன்ஜின்ல தப்பு இல்ல, பிளாஸ்க்ல தப்பு இல்ல, ஊசியில தப்பு இல்ல. வண்டி நல்லா ஓடுனதுதான் தப்பு. மெதுவாப் போன சைக்கிள் ஒரு வேலையைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கு, அது யாருக்கும் தெரியல. அதை எடுத்துட்டு வேகத்தை வச்சோம், அந்த வேலை நின்னு போச்சு. அன்னையில இருந்து எவன் வந்து வேகமாக்கித் தாங்கன்டு கேட்டாலும், இப்ப மெதுவாப் போறதுல உனக்கு ஏதாச்சும் ஆதாயம் இருக்கான்டு கேப்பேன். பைத்தியக்காரன்டு நினைச்சுருக்காங்ஞ. நினைச்சுக்கட்டும்.

சீக்கு தெரிஞ்சு போச்சு. மருந்தும் ஈஸி, காலையில கூப்பிட்டா சாயங்காலம் போனாப் போதும். ஆனா அதுக்குள்ள சோதனை வந்து நின்னுச்சு, அதுவும் தலைவர் வீட்டுல. மறுநாள் காலையில வெள்ளன தலைவரோட ஆள் பட்டறைக்கு வந்தான். தலைவர் வீட்டு ஜெர்சிப் பசு கத்துதாம். ஏற்கெனவே ரெண்டு தடவை போட்டுப் பிடிக்காத பசு. தங்கராசு அப்ப எங்கிட்ட உருளை மாத்திக்கிட்டு இருந்தாரு. முகம் வெளுத்துப் போச்சு. துணைக்கு நானும் என் மொபெட்டை எடுத்துக்கிட்டுப் பின்னாடியே போனேன்.

தொழுவத்துக்கு முன்னாடி தலைவரு நிக்கிறாரு. பக்கத்துல அந்தப் புது ஆளும் நிக்கிறான். "சீக்கிரம் வாப்பா, போட்டு விடு. இதுதான் கடைசி. இந்தத் தடவையும் பிடிக்கலைன்டா பிளாஸ்கை அவன்கிட்டக் குடுத்துட்டுப் போயிரு"ன்டாரு தலைவரு.

எனக்கு ஒரு யோசனை ஓடுச்சு. தங்கராசு காதுல சொன்னேன். "தம்பி, நான் போயி பிளக்கைக் கழட்டிர்றேன். ஊசிக் குப்பியை ஆபீஸ்ல வச்சுட்டு வந்துட்டேன், வண்டியும் ரிப்பேருன்டு சொல்லுங்க. சாயங்காலம் வந்துருவோம். ஒரு பிரச்சினையும் இல்ல."

அவரு என்னைப் பாத்தாரு. "வேணாம்ண்ணே. இன்னிக்கு இங்க பொய் சொன்னா, நாளைக்கு வீட்டுக்கு வீடு பிளக்கைக் கழட்டணும்."

அப்பறம் நேராத் தலைவர் முன்னாடி போயி நின்னாரு. "ஐயா, நான் இப்பப் போட மாட்டேன். சாயங்காலம் வந்து போடுறேன்."

"என்னது?"

"இத்தனை நாளா வேகமா வந்து வெள்ளனமே போட்டதாலதான் பிடிக்கல. ஒரு பொழுது விட்டுத்தான் போடணும். தெரிஞ்சும் செஞ்சது என் தப்பு. இனிமே செய்ய மாட்டேன்."

தலைவருக்கு மூஞ்சி செவந்து போச்சு. புது ஆளைத் திரும்பிப் பாத்தாரு. "நீ போடுறியாடா?"ன்டாரு. அந்தப் பயல் நல்ல பயல். கீழ குனிஞ்சுக்கிட்டு, "அவரு சொல்றது சரிதாங்கய்யா, எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாக"ன்டான். தலைவரு துண்டை உதறித் தோள்ல போட்டாரு. "சரி. சாயங்காலம். விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி வரணும். வரலைன்டா வரவே வேணாம்"ன்டுட்டு உள்ள போயிட்டாரு.

பாருங்க, அன்னிக்குன்டு பாத்து மழை. தங்கராசு மத்த ஊரையெல்லாம் முடிச்சுட்டுப் பட்டறைப் பக்கம் வாரப்ப மேற்கே கன்னங்கரேல்ன்டு இறங்குது. நனைஞ்ச டயர்ல என் உருளை வழுக்கும்ன்டு ரெண்டு பேருக்கும் தெரியும். என் மொபெட்டைக் குடுக்கலாம், அவரால ஓட்ட முடியாது. பின்னாடி வச்சுக் கூட்டிப் போகலாம்ன்டா, நீட்டுன காலோட பின் சீட்டுல அந்தச் சேத்து ரோட்டுல உக்காரவே முடியாது. விழுந்தா பிளாஸ்க்கும் போச்சு, காலும் போச்சு. பொழுது இறங்கிக்கிட்டே இருக்கு.

"அண்ணே, என்ன செய்ய?"

நான் கிணத்துல தண்ணி இறைக்கிற தேங்கா நார்க் கயித்துல ஒரு முழம் வெட்டி, இரும்பு உருளை மேல நெருக்கிச் சுத்தி, ரெண்டு முனையையும் கம்பியால முறுக்கிட்டேன். நார் நனைஞ்சா இன்னும் நல்லாப் பிடிக்கும். ஆனா டயரை அரைச்சுத் தின்னுரும். புது டயர் வேற. "டயரு போயிரும்ண்ணே"ன்டாரு. "போகட்டும். இன்னிக்கு வண்டி போய்ச் சேந்தாப் போதும்"ன்டு இன்ஜின் கயித்தை இழுத்து விட்டேன். நெருக்கடியில எதைக் காப்பாத்தணும், எதை விட்டுறணும்ன்டு ஒரு நிமிசத்துல முடிவு பண்ணத் தெரியணும்பா. எல்லாத்தையும் காப்பாத்தப் பாக்குறவன் எதையும் காப்பாத்த மாட்டான்.

போய்ச் சேந்தாரு. கழுத்து வரைக்கும் சேறு, பிளாஸ்கை மட்டும் சட்டைக்குள்ள கட்டிப் பிடிச்சிருந்தாராம். வீட்டுல இன்னும் விளக்கு வைக்கல. ஊசியைப் போட்டுட்டு வந்தாரு. டயர் நார் நாராக் கிழிஞ்சு வந்துச்சு.

அப்பறம் காத்திருக்கிறதுதான். அது இன்ஜின் வேலை மாதிரி இல்லப்பா, அவசரப்படுத்த முடியாது. மூணு வாரம் போச்சு, பசு கத்தல. தலைவரு நம்பல. சில பசு கத்தாமயே ஏமாத்தும்ன்டாரு. புது ஆளையும் அனுப்பல, தங்கராசையும் இருங்கன்டு சொல்லல. மூணு மாசம் ஆனதும், பசுவுக்குள்ள கையை விட்டுப் பாத்துச் சினையான்டு உறுதி பண்ற நாள் வந்துச்சு. தங்கராசு முதல் நாளே வந்து, "அண்ணே, நீங்களும் வாங்க, தனியாப் போகப் பயமா இருக்கு"ன்டாரு. போனேன். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு.

சோப்புத் தண்ணியை முழங்கை வரைக்கும் தடவிக்கிட்டு, நீட்டுன காலைப் பக்கவாட்டுல ஊனிக்கிட்டு, கையை உள்ள விட்டாரு. கண்ணை மூடிக்கிட்டாரு. தலைவரு மீசையைத் தடவுறாரு. தலைவர் சம்சாரம் பசுவோட மூக்கணாங்கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிது. நான் தங்கராசு மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். ஒண்ணும் தெரியல. அப்பறம் பையப் பையக் கையை எடுத்துட்டு, தலைவர் சம்சாரத்தைப் பாத்துச் சொன்னாரு. "அக்கா, பருத்திக்கொட்டை வாங்கி வைங்க. இனிமே இது ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்."

அந்தம்மா பசு நெத்தியில கையை வச்சுக் கும்பிட்டுச்சு. தலைவரு மீசையில இருந்து கையை எடுத்தாரு. நல்ல வார்த்தை ஒண்ணும் சொல்லல. ஆனா கேட்டாரு. "நாளைக்கு எந்தப் பக்கம்ப்பா போற?"

தங்கராசு வாளிக்குப் பக்கத்துல குனிஞ்சு கையைக் கழுவ ஆரம்பிச்சாரு. கழுவுன கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கிட்டு இருந்தாரு. தோள் ரெண்டும் குலுங்குது. தலைவருக்கும் அந்தம்மாவுக்கும் முதுகைக் காட்டிக்கிட்டு இருந்ததால அவுகளுக்குத் தெரியல, எனக்குத் தெரிஞ்சுச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல சத்தமும் வெளிய வந்துரும். நான் வாசலுக்கு வந்து, சைக்கிள் இன்ஜின்ல கயித்தைச் சுத்தி ஒரே இழுப்பு இழுத்து, ஆக்சிலேட்டரை முழுசாத் திருகிப் பிடிச்சேன். அந்தத் தெருவே அதிர்ந்துச்சு. அவரு அழுது முடிச்சுட்டு வெளிய வார வரைக்கும் கையை எடுக்கல.